உறக்கம் வராதது மனைவிக்கு, ஆலோசகர் கூப்பிடுவது என்னையா?

கேள்வி: எனக்கு 52 வயது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 80 சென்ட் ரப்பர் இருக்கிறது. நானேதான் ஒன்றுவிட்டு ஒருநாள் பால் வெட்டுகிறேன். மனைவிக்கு 47. முன்பு அண்டியாபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போனவர், இப்போது வீட்டிலேயே தையல். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய அம்மா இறந்ததிலிருந்து உறக்கம் போய்விட்டது. இரவு 8.30க்கு என்னோடு வந்து படுப்பார், 11.30 வரை புரண்டுகொண்டே கிடப்பார். 3.30க்கு என் அலாரம் அடித்தால் விழித்துவிடுவார். அலாரம் இல்லாத நாளிலும் அதே நேரத்துக்குக் கண் திறந்துவிடும் என்கிறார். ஐந்து மணிக்கு மேல்தான் மறுபடி கண் அயர்வார். பாவம் என்று ஏழு மணி வரை எழுப்ப வேண்டாம் என மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதியம் நான் படுக்கும்போது அவரையும் படுக்கச் சொல்வேன். ரொம்ப முடியாத நாளில் அல்பிரசோலம் 0.25 மாத்திரை ஒன்று எடுத்துக் கொடுப்பேன். நாகர்கோவிலில் ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்த்தோம். நடத்தைச் சிகிச்சை செய்யலாம், அடுத்த முறை கணவரும் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்றார். நான் என்ன தப்புச் செய்தேன்? நான் வந்து என்ன செய்ய?

பதில்: உங்களை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். சீக்கிரமே படுக்கைக்குக் கூட்டிக்கொள்வது, விடிந்தும் எழுப்பாமல் விடச் சொல்வது, மதியம் படுக்கச் சொல்வது, மாத்திரையை எடுத்து நீட்டுவது. நான்கும் பாசத்தில் செய்தவை, நான்கும் உறக்கமின்மைக்குத் தீனி. சிகிச்சை மாற்றப் போவதும் இவற்றைத்தான். எல்லாமே உங்கள் கை வழியாக நடப்பதால் நீங்கள் உள்ளே உட்கார வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இரவு 8.30 முதல் காலை 7 மணி வரை பத்தரை மணி நேரம், அதாவது 630 நிமிடம் அவர் கட்டிலில் இருக்கிறார். உறங்குவது 11.30 முதல் 3.30 வரை நான்கு மணி நேரம், விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம். ஆக 330 நிமிடம். 330ஐ 630ஆல் வகுத்தால் 52 சதவீதம். இதற்கு உறக்கத் திறன் என்று பேர். நன்றாக உறங்குகிறவர்களுக்கு இது 85க்கு மேல் நிற்கும். மீதி ஐந்து மணி நேரமும் உங்கள் மனைவி விழித்துக் கிடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். தினமும் ஐந்து மணி நேரம் பழகினால் எந்த வேலையும் கைவந்துவிடும். சிட்டவுட்டில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, கட்டிலில் தலை சாய்த்ததும் தெளிந்துவிடுகிறது என்று அவர் சொல்லியிருந்தால், அது இந்தப் பழக்கத்தின் வேலைதான்.

கட்டிலுக்கும் விழிப்புக்கும் விழுந்த இந்த முடிச்சை அவிழ்க்க 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சில விதிகளை வகுத்தார். படுக்கையில் கிடக்கும் நேரத்தையே சுருக்கி உறக்கப் பசியை ஏற்றும் முறையை ஆர்தர் ஸ்பீல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்டார்கள். உங்கள் ஆலோசகர் சொன்ன நடத்தைச் சிகிச்சைக்கு இந்த இரண்டும்தான் முதுகெலும்பு. நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. உறக்கத்தைக் கெடுத்துத் தொடங்கிவைத்த காரணம் ஒன்று, அதை நீட்டிக்கொண்டு போகிற காரணம் வேறொன்று என்றும் ஸ்பீல்மன் பிரித்துக் காட்டினார். தொடங்கியது உங்கள் மாமியாரின் மரணம். இன்றைக்கு நீட்டிப்பது அந்த ஐந்து மணி நேரம். அம்மாவை நினைத்து அழுகிற மனசுக்குத் தனியாகப் பேச்சு வேண்டும், அதை ஆலோசகர் பார்த்துக்கொள்வார். உங்களிடம் இருக்கிற வேலை அந்த ஐந்து மணி நேரத்தில்தான்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். எப்போது படுத்தார், உத்தேசமாக எப்போது உறங்கினார், எத்தனை தடவை விழித்தார், எப்போது எழுந்தார் என்று அவர் தினம் காலையில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை நீங்கள் திருத்தக் கூடாது. ‘ஒறங்கவே இல்லன்னு எழுதியிருக்க, நான் பாக்கும்போ குறட்டை விட்டியே’ என்பது பல வீடுகளில் சண்டையில் முடிகிற வாக்கியம். உறக்கமின்மை உள்ளவர்களுக்கு மேலோட்டமான உறக்கம் விழித்திருந்ததாகவே தோன்றும், அவர் பொய் எழுதவில்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். குறட்டை உண்டா, குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறாரா, உறக்கத்தில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறதா, சாயங்காலம் ஆனால் கால் குடைச்சலில் நடந்துகொண்டே இருக்கிறாரா, இரவில் உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கிறதா. இதில் சிலவற்றைப் பக்கத்தில் படுக்கிறவர் மட்டுமே பார்க்க முடியும். 47 வயது மாதவிடாய் நிற்கிற பருவம், கடைசிக் கேள்வி அதற்காக. எதற்காவது ‘ஆம்’ என்றால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தச் சோகை, தைராய்டு, மூச்சுத் தடை ஆகியவை படுக்கை நேரத்தைச் சுருக்கினால் சரியாகாது. வலிப்பு, இருதுருவ மனநோய், உறக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கம் இருந்தவர்களுக்கு இந்த முறையை அப்படியே செய்யக் கூடாது, மறைக்காமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள். நீங்கள் குறட்டை விடுகிறவரா என்று மனைவியிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அவர் விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு வாரச் சராசரியும் ஐந்தரை மணி நேரம்தான் என்று வந்தால், ஆலோசகர் படுக்கை நேரத்தையும் ஏறக்குறைய அந்த அளவுக்கே வைப்பார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. உங்கள் வீட்டுக்கு 11.30 முதல் 5 மணி வரை பொருந்தும் என்று தோன்றுகிறது. உங்களோடு சேர்த்து 3.30க்கே அவரையும் எழுப்பினால் என்ன என்று நினைப்பீர்கள். வெட்டு ஒன்றுவிட்டு ஒருநாள். மழை பெய்தால் அதுவும் கிடையாது. எழுகிற நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருந்தால்தான் உடம்புக் கடிகாரம் பிடிபடும். ரப்பர் மூட்டின் (மரத்தின்) கணக்கில் அவரை எழுப்பத் தொடங்கினால் ஒருநாள் 3.30, மறுநாள் 6.30 என்று ஊசலாடும். அவருக்கு உறக்கம் இயல்பாகத் தொடங்குகிற நேரமும் 11.30தான்.

அப்படியானால் 3.30 அலாரம் அவருடைய உறக்கத்துக்கு நடுவில் வந்து விழும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் வெட்டை ஏழு மணிக்குத் தள்ள உங்களால் முடியாது. அலாரத்தைத்தான் மாற்ற வேண்டும். போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பலகைக் கட்டிலில் அந்த அதிர்வு அடுத்த தலையணை வரை ஓடும். கையில் கட்டுகிற ஸ்மார்ட் பேண்டின் அதிர்வு அலாரம் உங்களை மட்டும் எழுப்பும். கைலி, சட்டை, ஹெட்லைட், வெட்டுக் கத்தி எல்லாவற்றையும் இரவு படுக்கும் முன்பே முன்னறையில் எடுத்து வையுங்கள். படுக்கையறையில் லைட் போடுவதும் அலமாரி திறப்பதும் வேண்டாம். கதவுக் கீல் முனகுமானால் தையல் மெஷின் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, இரண்டு சொட்டுப் போதும்.

இதைவிட எளிய வழி, முதல் ஆறு வாரத்துக்கு நீங்கள் முன்னறையில் பாய் விரித்துப் படுப்பது. அவர் 11.30க்கு அறைக்குள் வந்தால் உங்கள் உறக்கம் கலையும், 3.30க்கு நீங்கள் எழுந்தால் அவருடையது. இடம் மாற வேண்டியது நீங்கள், அவர் அல்ல. அவருக்குக் கட்டில் என்றால் உறக்கம் என்று மறுபடி பழக வேண்டும், ஆகவே கட்டில் அவருக்கு. ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை வரும். ஆறு வாரத்துக்கு ஒரு சிகிச்சை என்று மகனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், தாய்க்கும் தகப்பனுக்கும் சண்டை என்று அவன் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அம்மா இறந்தபிறகு தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று மனைவி சொன்னால் இந்த வழியை விட்டுவிட்டு, ஸ்மார்ட் பேண்டோடு அதே அறையிலேயே இருங்கள். பயத்தோடு படுக்கிறவருக்கு உறக்கம் வராது.

பூட்சினின் விதியில் கட்டில் உறக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். தாம்பத்தியத்துக்கு விலக்கு உண்டு என்பதைப் பலர் ஆலோசகரிடம் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் படுக்கப் போகும் 8.30 அதற்கு ஏற்ற நேரம். அதன்பிறகு அவர் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுச் செலவு, மகனின் படிப்பு, தம்பி வீட்டு விசேஷம் எல்லாம் கட்டிலில் பேச வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சிட்டவுட்டில் பேசி முடியுங்கள். கூடவே வந்து படுப்பதில்தான் நெருக்கம் இருந்தது என்று அவருக்கு ஏக்கம் வரலாம். அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள், போனையும் அப்போது தள்ளி வையுங்கள்.

8.30க்கு நீங்கள் போய்விட்டால் 11.30 வரை மூன்று மணி நேரம் அவர் தனியாக விழித்திருக்க வேண்டும். இந்தச் சிகிச்சை அதிகமாகச் சறுக்குகிற இடம் இதுதான். சீரியல் பார்த்துக்கொண்டே சோபாவில் அரை மணி நேரம் அசந்துவிட்டால் அன்றைய உறக்கப் பசி பாதி தீர்ந்துபோகும், பிறகு 11.30க்குக் கட்டிலில் விழித்துக் கிடப்பார். சாய்வு இல்லாத நாற்காலி, நல்ல வெளிச்சம், கைக்கு வேலை. கைத்தையல், பொத்தான் வைப்பது, புளி கொட்டை எடுப்பது எதுவானாலும் சரி. 10.30க்கு அதையும் எடுத்து வைத்துவிட்டு, ஒரு சின்ன லைட்டில் ரேடியோவோ ஜெபமோ புத்தகமோ. மகன் படித்துக்கொண்டிருந்தால், அம்மா கண் சொக்கினால் பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட மட்டும் சொல்லுங்கள்.

படுத்து உறக்கம் வராவிட்டால் கால் மணி, இருபது நிமிடம் ஆனாற்போலத் தோன்றியதும் எழுந்து முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் போக வேண்டும். கடிகாரம் பார்த்து அல்ல. படுக்கையறைக் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றிவிடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழலாம். இதில் உங்கள் பங்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ‘எங்க போற, என்ன ஆச்சு’ என்று கேட்கக் கூடாது, டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது. கேட்கத் தொடங்கினால், உங்களை எழுப்பிவிடுவோமோ என்று பயந்து அவர் கட்டிலிலேயே கிடப்பார். நீங்கள் முன்னறையில் படுத்திருந்தால் அவருக்கான நாற்காலியைச் சாப்பாட்டு அறையில் போடுங்கள், போர்வையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். ‘நீ எழுந்தால் எனக்குத் தொந்தரவு இல்லை’ என்று பகலில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிக் காரியம் அந்த ஒரு சொல்லில் நடக்கும்.

காலை 5 மணிதான் உங்களுக்கு முக்கியமான வேலை. வெட்டு நாளில் அந்நேரம் தோட்டத்தில் இருப்பீர்கள். மூட்டுக்கு மூடு நடக்கிற நடுவில் ஒரு போன் போடுங்கள். அவருடைய போன் சமையலறையில் இருக்க வேண்டும், கட்டில் பக்கத்தில் அல்ல. நடந்துபோய் எடுத்து, நின்றுகொண்டு பேச வேண்டும். மிஸ்டு கால் போதாது. தோட்டத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் மகனுக்கு அந்த வேலை. சமையலறை டியூப் லைட்டைப் போட்டு, விடிந்ததும் ஆறு, ஆறரைக்கு வெளியே வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடமாட வேண்டும். முற்றம் பெருக்குவது, ஆட்டுக்குக் குழை ஒடிப்பது எல்லாம் கணக்கில் சேரும். வெட்டில்லாத நாளும் மழை நாளும் இன்னும் கஷ்டம். வெளியே கொட்டுகிறது, நீங்களே போர்த்திக்கொண்டு கிடக்கிறீர்கள், அவரிடம் மட்டும் எழு என்றால் எழ மாட்டார். நீங்களும் 5 மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, இப்படிப்பட்ட காலைகள் நிறைய வரும். பிப்ரவரியை ஒட்டி இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற நாட்களிலும் இதே 5 மணிதான். சிகிச்சையைத் தொடங்க உண்மையில் அதுவே நல்ல காலம், அலாரமும் கிடையாது.

எழுந்ததும் ‘ஒறங்கினியா?’ என்று கேட்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். தினம் காலையில் மார்க் கேட்கிற வாத்தியாரைப் போல அந்தக் கேள்வி, அடுத்த இரவு ‘இன்றாவது உறங்கியாக வேண்டும்’ என்ற பதற்றத்தோடு படுக்க வைக்கும். கணக்கு நோட்டில் இருக்கிறது, அது போதும். அக்கம்பக்கத்தாரிடம் ‘இவளுக்கு ஒறக்கமே இல்ல’ என்று சொல்வதும் அப்படித்தான். சாயங்காலம் நாலரைக்குச் சேர்ந்து குடிக்கிற சாயா உங்களுக்கு இருக்கட்டும். அவருக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் சாயாவும் காப்பியும் வேண்டாம், சுக்குவெந்நீர் போடலாம். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதிய உறக்கமும் உங்களுக்குச் சரி, 3.30க்கு எழுகிறவருக்கு அது தேவை. அவருக்கு இல்லை. தலை சுற்றுகிற அளவுக்குக் கண் இழுத்தால் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம், அதற்கு மேல் போகாமல்.

படுக்கை நேரத்தைச் சுருக்கியபிறகு முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எரிச்சல், மறதி, பகல் முழுக்கக் கொட்டாவி. தையல் மெஷினில் கை போகும், அடுப்பில் கறி அடிப்பிடிக்கும். அந்த வாரங்களில் அவர் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், குலசேகரம் சந்தைக்கு நீங்கள் போய்விட்டு வாருங்கள். ‘பாவம், இன்னைக்கு ஒருநாள் கெடந்துக்கோ’ என்று உங்கள் வாயில் வரப்போவதும் அப்போதுதான். ஒருநாள் ஏழு மணி வரை விட்டால் அன்று இரவு உறக்கப் பசி இராது, நான்கு நாள் சேர்த்தது கரைந்துவிடும். பாசத்தை வேறு வழியில் காட்டுங்கள்: அந்த இரண்டு வாரம் இரவுப் பாத்திரம் உங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து இருவரும் கணக்குப் போடுங்கள். வாரச் சராசரி உறக்கத் திறன் 85க்கு மேல் என்றால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம், எழுவது 5 மணிதான். 80க்கும் 85க்கும் நடுவில் என்றால் மாற்றம் இல்லை. 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் தள்ளிப் படுக்க வேண்டும், ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகாமல். எடுத்துக்காட்டாக, முதல் வாரம் 330 நிமிடப் படுக்கையில் 290 நிமிடம் உறங்கினால் 88 சதவீதம், அடுத்த வாரம் 11.15க்குப் படுக்கலாம். அந்த வாரம் 345க்கு 280தான் வந்தது என்றால் 81, அப்படியே நிற்க வேண்டும். இப்படி மாதம் ஒன்றரை மாதத்தில் ஆறு, ஆறரை மணி நேரம் வரை போகலாம். ஒரு வாரம் இறங்கியதற்குக் காரணம் தேடி ‘நீ சோபாவில் அசந்ததால்தான்’ என்று ஆரம்பித்தால் நீங்கள் காவல்காரர் ஆகிவிடுவீர்கள். எந்தெந்த உதவி வேண்டும், எது வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். 5 மணிப் போனே எரிச்சலாக இருக்கிறது, நானே அலாரம் வைக்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். துணை ஒருவர் இல்லாமலும் இந்தச் சிகிச்சை பலன் தரும்.

மாத்திரையைப் பற்றி. அல்பிரசோலம் டாக்டர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து, உடம்பு பழகி விட முடியாமல் ஆகிவிடும் மருந்து. இனிமேல் நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆனால் அடிக்கடி எடுத்துவந்தவர் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உறக்கம் இன்னும் கெடும், நடுக்கமும் சில நேரம் வலிப்பும்கூட வரலாம். வாரத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரையோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ பாருங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். அம்மா போன இடத்துக்கே போய்விடலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி அவர் பேசினால் உறக்கக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த சந்திப்புக்கு ரப்பர் ஷீட் அடித்து முடிகிற பதினொரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். கொண்டுபோக வேண்டியவை மனைவியின் நோட்டு, உங்கள் தாள், போன மாதக் காலண்டரில் வெட்டு நாளைச் சுழித்த பக்கம். முதல் பாதி நேரம் அவரைத் தனியே பேச விட்டு வெளியே உட்காருங்கள், உங்களைக் கூப்பிடுவார்கள்.